நுரையும் தூரிகையும்

அறம், வீரம், காதல், பக்தி ஆகிய பெரும்பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதும் மலரில், முகச்சவரம் செய்துகொள்ளும் பிரஷைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் வள்ளுவப் பெருந்தகையே கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் மழிப்பதைப் பற்றியும் சடை வளர்ப்பதைப் பற்றியும் பேசத் தயங்கவில்லை. புறக்கோலத்தைவிட அகத்தூய்மையே பெரிது என்று காட்டுவதற்காக அவர் அதனை எடுத்துக்கொண்டார். நாமோ புறக்கோலத்துக்கு உதவும் ஒரு சிறு கருவியைத் தேடிப் புறப்பட்டு, அதன் வழியே அகத்தைப் பற்றியும் சிறிது எண்ண நேர்ந்தது. அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறோம்.

‘ஷேவிங் பிரஷ்’ என்று எல்லோரும் வழங்கும் பொருளுக்கு நம் வீட்டில் ‘சவரத் தூரிகை’ என்று பெயர். பெயரிட்டவர் நம் தந்தையார். நெல்லை மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பொருளையும் தமிழ்ப்படுத்தாமல் அவருக்கு உறக்கம் வராது. பிளேடு அவருக்கு ‘அலகு’. கண்ணாடி முன் முக்காலியில் வைக்கும் சிறு கிண்ணம் ‘நுரைக்கலம்’. அன்னையார் மறைந்தபின் அவர் ஊரை விட்டு நம்முடன் தில்லிக்கு வந்து சேர்ந்தார். இங்குள்ள நம்மவர் பலருடைய இல்லங்களிலும் இத்தகைய முதியவர் ஒருவர், பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, பழைய தமிழ் நாளேட்டை மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டிருப்பார். ஆதலால் அவரை வாசகர்களுக்கு மேலும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

முதலில் இந்தத் தூரிகை என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். முகத்து மயிர் உலர்ந்திருக்கும்போது விறைப்பானது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் நீரை உண்டு, சற்றுப் பருத்து, மென்மையாகிவிடும். அப்போது அலகு சிறு விசையிலேயே அதனை அறுத்துச் செல்லும். விரலால் சோப்பைத் தடவினால் மயிர் தோலோடு படிந்துவிடுகிறது. தூரிகையால் சுழற்றித் தடவினால் ஒவ்வொரு மயிரும் நிமிர்ந்து நிற்க, அதன் அடிவரை நுரை இறங்குகிறது. தூரிகை தன்னுள் தாங்கிவந்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நீரைத் தாங்கி வைத்திருக்கும் திறனே ஒரு தூரிகையின் முதற்குணம், மென்மை இரண்டாவதே. தில்லியின் ஜனவரி மாதக் காலையில், வாளியில் இமர்ஷன் ராடைப் போட்டுக் காய்ச்சிய நீர், குளியலறைக்குக் கொண்டுசெல்வதற்குள் பாதி ஆறிவிடும் குளிரில், இந்த உண்மையை எவரும் கன்னத்தாலேயே உணரலாம்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். தாமிரபரணி நீரில் சோப்பைக் காட்டினாலே நுரை பொங்கும். தில்லியில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வரும் நீரோ உப்புகள் மிகுந்த கடினநீர். அதில் சோப்பு நுரைப்பதற்கு முன் திரிந்து வெண்மையான கசடாகப் படிந்துவிடுகிறது. நல்ல தூரிகை வாங்கியும் நுரை வரவில்லை என்று கடைக்காரரை நொந்துகொள்பவர்கள், நீரை ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளிந்தபின் பயன்படுத்திப் பார்க்கலாம். கடினத்தின் ஒரு பகுதி கொதிக்கும்போதே படிந்து போய்விடும். கட்டிச் சோப்பைக் காட்டிலும் கிரீம் வகைகள் இந்நீரில் எளிதாக நுரைக்கின்றன என்பதும் நாம் கண்டது.

இவ்வளவு ஆராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது தந்தையாரின் நோயாகும். 1817-இல் அதனை முதன்முதலில் விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் பெயரால் அது வழங்குகிறது. நம்மவர் நடுக்குவாதம் என்பர். கை நடுங்கும், உடல் இறுகும், நடை குறுகும், குரல் தணியும். முகத்துத் தசைகளும் இறுகிவிடுவதால் உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் முகம் அதைக் காட்டாது. அறுபது ஆண்டுக்காலம் பிறர் கை தம் முகத்தில் படாமல் தாமே சவரம் செய்துகொண்டவர், ஒரு நாள் ரேசரை எடுத்து, நடுங்கும் கையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதை மெல்ல முக்காலிமேல் வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் கேட்கவில்லை.

மின்சார ரேசர் ஒன்றை வாங்கினோம். பாதுகாப்பானதுதான், ஆனால் அதன் ரீங்காரம் காதருகே வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தளர்ந்து தொங்கும் தோலின் மடிப்புகளில் அது மயிரை விட்டுவிட்டுச் சென்றது. முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரவழைத்தோம். நல்ல மனிதர், பீகாரிலிருந்து வந்தவர். படிகாரக் கல்லை ஈரப்படுத்தி அவர் கன்னத்தில் தேய்த்ததும் தந்தையார் கண்மூடி அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தார். ஆனால் அவர் வரும் நேரமும் நம் வீட்டு நேரமும் ஒத்துவரவில்லை. இறுதியில், ஒருநாள் விட்டு ஒருநாள் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் நாமே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். நாம் தூரிகையை எடுத்ததும் அவர் கையை நீட்டினார். கொடுத்தோம். மடிமேல் கிடக்கையில் ஓயாது நடுங்கிய அந்தக் கை, தூரிகையைப் பற்றிக் கன்னத்துக்குக் கொண்டுபோகையில் ஓரளவு அடங்கியது. இந்நோயின் இயல்பு அது என்று மருத்துவர் பிறகு விளக்கினார்: ஓய்வில் இருக்கும்போது மிகுதியாகும் நடுக்கம், ஒரு செயலில் ஈடுபடும்போது பலருக்குக் குறையுமாம். கத்தியை அவரிடம் தர முடியாது, தூரிகையைத் தரலாம். கத்தி நம் கையில், நுரை அவர் கையில் என்று சவரம் இரண்டாகப் பிரிந்தது. அவருடைய நாளில் அவரே தமக்குச் செய்துகொள்ளும் செயல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவந்த காலத்தில், இந்த ஒன்று அவரிடம் எஞ்சி நின்றது.

ஆனால் பழைய தூரிகை அதற்கு ஒத்துழைக்கவில்லை. மயிர் உதிர்ந்து நடுவில் வழுக்கை விழுந்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் கைப்பிடி, சோப்பு நீர் பட்டதும் அவர் விரல்களிலிருந்து நழுவிக் கிண்ணத்துள் விழும். இரண்டாம் முறை விழுந்தால் அன்றைக்கு அவர் மீண்டும் எடுக்கமாட்டார். ஆதலால் புதியதொன்று வாங்கவேண்டியதாயிற்று.

அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், பேட்ஜர் மயிரில் வாங்குங்கள். என் மருமகன் லண்டனிலிருந்து அடுத்த மாதம் வருகிறார், சொன்னால் கொண்டுவருவார். முகத்தில் வைத்தால் வெண்ணெய் தடவியது போலிருக்கும்” என்றார். முதிய தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். சிறிது அழுத்தித் தேய்த்தாலும் சிவந்துவிடும். அத்தகைய கன்னத்துக்கு வெண்ணெய் என்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்? எனினும் கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கை, எதையும் விவரம் தெரியாமல் பரிந்துரைக்காது. ஆகவே பேட்ஜர் என்றால் என்ன, அதன் மயிரில் என்ன சிறப்பு என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

பேட்ஜர் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. கீரி, மரநாய் அளவினும் பெரியது. குட்டைக் கால்களும் வலிய நகங்களும் உடையது. வளைக்கரடி என்று தமிழில் இதனைக் குறிப்பதுண்டு. நம் நாட்டில் வாழும் இதன் உறவுமுறை விலங்கு ஒன்றினை வடவர் ‘பிஜ்ஜூ’ என்று அழைப்பர். தேன்கூடுகளைத் தேடிச் சிதைப்பதால் ஆங்கிலத்தில் அதற்குத் தேனின் பெயரும் சேர்ந்துவிட்டது. அவ்விலங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் காக்கப்படுகிறது. சவரத் தூரிகைக்கு மயிர் தருவது அதுவன்று. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் வாழும் வேறு இனங்களே.

அம்மயிரின் சிறப்பு மெய்யானதே. ஒவ்வொரு மயிரும் அடியில் வெண்மை, நடுவில் கருமை, நுனியில் மீண்டும் வெண்மை எனப் பட்டை பட்டையாக அமைந்து, நுனியை நோக்கி இயற்கையாகவே கூம்பியிருக்கும். கைவினைஞர் மயிரைக் குவிந்த அச்சில் நுனி கீழாக இட்டு, நுனியை வெட்டாமல், அடியைக் கட்டி, அடிப்பக்கத்தையே நறுக்கிச் சமப்படுத்திப் பசையிட்டுக் கைப்பிடியில் பொருத்துவர். நுனி வெட்டப்படாததால் தோலில் உறுத்தாது. மயிர்களுக்கிடையே நீர் தங்கும் இடமும் மிகுதி. இங்கிலாந்தில் 1777 முதல் தூரிகை செய்துவரும் கென்ட் போன்ற பழைய நிறுவனங்களின் புகழ் இத்தகைய வேலைப்பாட்டின்மேல் எழுந்ததே.

தரங்களின் பெயர்களோ வேடிக்கையானவை. ‘ப்யூர்’ என்பது கருமையும் முரட்டுத்தன்மையும் மிக்க அடித்தரம். அதற்கு மேலே ‘பெஸ்ட்’. பெஸ்டுக்கு மேல் ‘சூப்பர்’. அதற்கும் மேலே ‘சில்வர்டிப்’, அதாவது வெள்ளி நுனி. எல்லாவற்றிலும் சிறந்தது என்று பொருள்படும் பெயரைச் சூடியது கீழிருந்து இரண்டாம் படியில் நிற்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்; ‘அப்பர் டிவிஷன்’ எழுத்தராக இருக்கும் நமக்கு அதில் வியப்பேதும் தோன்றவில்லை. மேலும் இத்தரங்களுக்கு எல்லோரும் ஏற்ற பொது அளவுகோல் கிடையாது. ஒருவர் ‘சூப்பர்’ என்பதை மற்றொருவர் ‘பெஸ்ட்’ என்பார். ஆகவே பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை நம்பிப் பணத்தைக் கொடுப்பது அறிவுடைமையாகாது.

பெயரை நம்பியதால் உயிரே போன வரலாறும் உண்டு. முதல் உலகப்போர் மூண்டதும் ஐரோப்பாவில் பேட்ஜர் மயிரின் வரத்துத் தடைப்பட்டது. குதிரை மயிரைக் கறையூட்டிப் பேட்ஜர் போலத் தோன்றச் செய்து விற்கலாயினர். அம்மயிர் சரிவரத் தூய்மை செய்யப்படாமல் வந்ததால், ஆந்த்ராக்ஸ் நோயின் நுண்வித்துகள் அதில் ஒட்டியிருந்தன. சவரத்தில் ஏற்படும் சிறு கீறல் வழியே அவை உடலுள் புகுந்தன. 1915 முதல் 1924 வரையிலான காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பொதுமக்களுமாக இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றனர், பலர் மாண்டனர். இக்காலத் தூரிகைகளில் அந்த அச்சத்துக்கு இடமில்லை எனலாம். எனினும், முகத்தைத் தொடும் பொருள் எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று கேட்பது வீண் ஆராய்ச்சியன்று என்பது இதனால் விளங்கும்.

அப்படிக் கேட்டபோது கிடைத்த விடை நம்மை நிறுத்திவைத்தது. பிரிட்டனில் பேட்ஜர் பாதுகாப்புக்கென்றே 1992-இல் ஒரு சட்டம் உள்ளது. ஆகவே லண்டன் கடையில் விற்கும் தூரிகையாயினும் அதன் மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவதே. ஆட்டு உரோமத்தைப் போலக் கத்தரித்து எடுப்பதன்று அது. விலங்கைக் கொன்று தோலோடு எடுப்பது. விலங்குரிமை அமைப்பாகிய பீட்டா, சீனாவில் இவ்விலங்குகள் கம்பிக்கூண்டுகளில் அடைபட்டுக் கிடப்பதையும் கொல்லப்படுவதையும் காட்டும் காட்சிகளை 2018-இல் வெளியிட்டது. அதன்பின் மேலைநாட்டு நிறுவனங்கள் சில, பேட்ஜர் மயிரைக் கைவிடுவதாக அறிவித்தன.

நம் நாட்டிலும் இதையொத்த கதை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் ஷேர்கோட் என்னும் ஊர் தூரிகைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்படுவதைத் தடுக்க, வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2019-இல் அவ்வூர் உள்ளிட்ட பல இடங்களில் சோதனைகள் நடத்தியது. நம் பிள்ளைகள் பள்ளியில் வண்ணம் தீட்டிய தூரிகைகளில் எத்தனை கீரிகள் இருந்தனவோ!

இப்போது நம்முன் இருந்த வினா இதுதான். தந்தையார் பிறந்தது முதல் புலால் உண்ணாதவர். எறும்புப் புற்றின்மேல் வெந்நீர் ஊற்றக்கூட விடமாட்டார். ஆனால் அவருடைய தோல் மெலிந்தது. அதற்கு ஏற்ற மென்மையான மயிர் பேட்ஜருடையது என்கிறார்கள். அவரிடம் சொல்லாமல் வாங்கிவிட்டால் அவர் அறியப்போவதில்லை. அவருடைய நலத்துக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியிருந்தது. முதியவர்களைப் பேணும் குடும்பங்களில் இத்தகைய முடிவுகள் நாள்தோறும் நேர்கின்றன. எந்த மருந்து, எந்த உணவு, எந்த அறை என்று அவர்களைக் கேளாமலே அவர்களுக்காக முடிவு செய்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், நேரமின்மையாலும் செய்கிறோம்.

இரவு உணவின்போது நம் துணைவியார் இதை ஒரே சொல்லில் தீர்த்துவைத்தார். “மாமாவையே கேட்டுடுங்களேன். அவங்க முகந்தானே?” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறியபின் பால்கனியில் அவரருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். முதலில், அவர் இத்தனை ஆண்டுகள் பயன்படுத்திய சாதாரணத் தூரிகை பெரும்பாலும் பன்றி மயிரால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டால் அருவருப்பு அடைவாரோ என்று அஞ்சினோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, நாம் காதை அருகே கொண்டுபோனால் மட்டும் கேட்கும் குரலில், “அந்தக் காலத்திலே அடியைத் தேடிப் போன பன்றி, இப்போ தாடியைத் தேடி வந்திருக்குதா எய்யா?” என்றார். அண்ணாமலையாரின் அடியைக் காணத் திருமால் பன்றி உருவெடுத்து நிலத்தை அகழ்ந்த கதையை, அருகில் நின்ற நம் மகளுக்கு நாம் விளக்கவேண்டியதாயிற்று. முகத்தில் புன்னகை ஒரு கோடுகூட இல்லை. ஆனால் சிலேடை சொன்னால் மாணவரை நிமிர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் கண்ணில் இருந்தது.

பேட்ஜரைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார். “மயிரை மட்டும் வெட்டிக்கிட்டு அதை விட்டுடுவாங்களா?”

“இல்லப்பா. தோலோட சேர்த்துத்தான் எடுக்கிறாங்க.”

“அப்போ வேண்டாம்யா. ஒரு கிழவன் கன்னத்துக்கு அது ரொம்பப் பெரிய விலை.”

கல்லூரியில் படிக்கும் நம் மகள் விடுவதாக இல்லை. “தாத்தா, நீங்க பண்டிகைக்குக் கட்டுற பட்டு வேட்டிக்கும்தான் பூச்சி சாகுது. அது பரவாயில்லையா?” என்றாள். நாம் அவளை அடக்க முற்பட்டோம். தந்தையார் கையசைத்து நம்மை நிறுத்தினார். நெடுநேரம் கழித்து, “சாகுதும்மா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. அடுத்த வேட்டி பருத்தியிலே எடுத்துக் குடுங்க” என்றார். நெல்லையப்பர் சன்னிதியில் வீசும் வெண்சாமரம் கவரிமாவின் வால்மயிர் என்பதும், மேடையில் ஒலிக்கும் மிருதங்கம் தோலால் ஆனது என்பதும் அவர் அறியாதவையல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் துறந்துவிடுவதாக அவர் சூளுரைக்கவுமில்லை. தம்மிடம் கேட்கப்பட்டதற்கு விடை சொன்னார். தம் முறை வந்த இடத்தில் வேண்டாம் என்றார்.

எஞ்சிய வகைகள் மூன்று. முதலாவது பன்றி மயிர். விலை குறைவு, விறைப்பு மிகுதி. சவரத்துக்குமுன் சில நிமிடம் நீரில் ஊறவேண்டும். பல வாரம் புழங்கியபின் ஒவ்வொரு மயிரின் நுனியும் பிளவுபட்டு மென்மையாகும். அதுவரை பொறுமை வேண்டும். இரண்டாவது குதிரை மயிர். வாலிலும் பிடரியிலும் கத்தரித்து எடுக்கலாமாதலால் அதற்காகக் குதிரையைக் கொல்லத் தேவையில்லை. மென்மையில் இது பன்றிக்கும் பேட்ஜருக்கும் இடைப்பட்டது. மூன்றாவது செயற்கை இழை. பல் துலக்கும் பிரஷில் பன்றி மயிரை விலக்கி நைலான் இழை நுழைந்தது 1938-இல். சவரத் தூரிகையில் முதலில் வந்த நைலான் இழைகள் துடைப்பம் போல இருந்தன. இப்போதைய இழைகளோ பேட்ஜர் மயிரைப் போலவே நுனி கூம்பியவை, மென்மையில் குறையாதவை, ஊறவைக்கத் தேவையில்லை, விரைவில் உலர்ந்துவிடுவதால் தில்லியின் மழைக்காலப் புழுக்கத்திலும் பூசணம் பிடிப்பதில்லை. நீரைத் தாங்கும் திறனில் மட்டும் சற்றுக் குறைவு. இடையில் ஒருமுறை வெந்நீரில் தோய்த்துக்கொண்டால் போதும்.

சதர் பஜாரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மயிரைப் பற்றி இவ்வளவு படித்துவிட்டுப் போன நாம், கடையில் நின்றபோது பார்த்ததெல்லாம் கைப்பிடியைத்தான். மெல்லியது ஆகாது, நடுங்கும் கை பற்றுவதற்குப் பருமனானது வேண்டும். மிக இலேசானதும் ஆகாது. சிறிது கனம் இருந்தால் கை நிலைபெறும். வழவழப்பானதும் ஆகாது, நடுவில் இடை போல ஒடுங்கி, விரல் பதியும் பள்ளம் வேண்டும். கீழே விழுந்தால் உடையாததாகவும் இருக்கவேண்டும். மயிர்க்கட்டின் விட்டம் இருபத்துநான்கு மில்லிமீட்டர் அளவில் இருந்தால், சிறிது சுற்றினாலே ஒரு கன்னம் நிறைந்துவிடும். இவையெல்லாம் பொருந்திய ஒன்று செயற்கை இழையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர் பல ஆயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டுப் பேட்ஜர் ஒன்றையும் பெருமையோடு எடுத்துக்காட்டினார். தொட்டுப் பார்த்தோம். உண்மையிலேயே வெண்ணெய்தான். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

வாங்க எண்ணும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். உலர்ந்த தூரிகையைப் புறங்கையில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். குத்தினால் முகத்திலும் குத்தும். மயிர்க்கட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இயற்கை மயிராயின் ஓரிரண்டு உதிர்வது இயல்பு, கொத்தாக வந்தால் பசை சரியில்லை. கொதிக்கும் நீரில் தோய்க்காதீர்கள். மயிரும் கெடும், பசையும் இளகும். முகத்தில் வைத்து அழுத்தி நசுக்காதீர்கள். நுனியால் வேலை வாங்குங்கள். முடிந்ததும் சோப்பு முழுவதும் போக அலசி, நீரை உதறி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் இட்டு மூடினால் எவ்வளவு விலையுயர்ந்த தூரிகையும் நாற்றம் பிடிக்கும். ஒருவர் தூரிகையையும் அலகையும் மற்றொருவர் பயன்படுத்துவது நலமன்று.

தந்தையார் இப்போது ஒரு கன்னத்துக்கு நுரையிட ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். வலக்கன்னம், இடக்கன்னம், மோவாய், கடைசியில் மேலுதடு என்று அவருடைய பழைய வரிசை மாறுவதில்லை. சில நாள் காதுமடலிலும் மூக்கின்மேலும் நுரை ஏறிவிடும். நாம் துடைப்பதில்லை, அவரே துண்டால் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருக்கிறோம். அதற்காகவே கடிகார அலாரத்தைக் கால்மணி நேரம் முன்னதாக வைத்திருக்கிறோம். மருந்தின் வீரியம் குறையும் நாள்களில் கை அடங்குவதில்லை. அன்றைக்கு அவர் தூரிகையை நம்மிடம் நீட்டிவிடுவார். மறுமுறை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். இது எத்தனை நாளுக்கு என்பது மருத்துவருக்கும் தெரியாது. நுரையிட்டு முடித்ததும் தூரிகையைக் கலத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, தலையைச் சற்றுப் பின்சாய்த்துக் கண்ணை மூடுகிறார். அதன்பின்தான் நாம் ரேசரை எடுப்பது.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து இப்பெருநகரங்களின் சிறு வீடுகளில் வைத்துப் பேணுபவர்கள். அவர்களுக்கென்று தூரிகையோ, சீப்போ, ஊன்றுகோலோ, காப்பித் தம்ளரோ வாங்கும் நாள் வரும்போது, விலையையும் தரத்தையும் விசாரிப்பதோடு, கூடுமானால் அவர்களையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாவிட்டால் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.